துணைநூற்பட்டியலைக் கடைசி வாரத்தில் தயாரிக்கும் ஆய்வாளர்களுக்கு

தமிழ்த்துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வாளர்களுக்கு,



ஒப்படைக்கும் பருவம் வந்துவிட்டால் துறை வராந்தாவில் ஒரே கேள்விதான் சுற்றி வரும்: "எத்தனை பர்சன்ட் வந்திருக்கு?" என்ன கண்டுபிடித்தீர்கள், யாருடைய கருத்தை மறுத்தீர்கள் என்று கேட்பவர் குறைவு. கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையில் எண் பத்துக்குக் கீழே விழுந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் தூக்கம் போய்விடும்.

இந்த அச்சம் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் தொடங்குகிறது. பத்து சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக்கூட நீட்ட முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் பொருளடக்கமும் முன்னுரையும் நன்றியுரையும் கணக்கில் சேரா. எல்லோருக்கும் தெரிந்த செய்தியில் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனாலும் குற்றமில்லை. இந்த 14 என்னும் கணக்கு ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்டது போலத்தான் தோன்றுகிறது. வேற்றுமை உருபும் சாரியையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் 14 சொல் என்பது, ஒருவருடைய வாதத்தை முழுசாகத் தூக்கிக்கொண்டு போகப் போதுமான நீளம்.

விதி வேண்டியதுதான். வராத காலத்தில் என்ன நடந்தது என்பது பழைய ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் வந்த பிறகு ஒரு புதுக் கைத்தொழில் பிறந்திருக்கிறது. "கூறுகிறார்" இருந்த இடத்தில் "மொழிகிறார்" வரும். "பெண்கள்" எல்லாம் "மகளிர்" ஆவார்கள். "காட்டுகிறது" என்பது "புலப்படுத்துகிறது" என்று மாறும். எழுவாய் பயனிலைக்குப் பின்னால் போய் நிற்கும். வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கும். சிந்தித்தவர் பெயர் மட்டும் இருக்காது. மென்பொருள் திருப்தியடைந்து ஐந்து சதவீதம் என்று சொல்லிவிடும். இணையத்தில் ஏறாத பழைய நூல் ஒன்றிலிருந்து பத்துப் பக்கம் எடுத்தால் அதற்குச் சுழியம்தான் தரும், ஏனென்றால் அது பார்க்காத நூலை அது ஒப்பிட முடியாது. ஆகவே குறைந்த எண் நேர்மைக்குச் சான்றாகாது. சான்று காட்டும் பழக்கம் வேறொரு வேலைக்காக ஏற்பட்டது. அந்த வேலை என்ன என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் பாடம் வேறு இல்லை.

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். நூல் அச்சாகி வெளிவந்தது 1887இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரைப் படுத்திய சிக்கல்களில் ஒன்று, நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள். உரையாசிரியர் பழம்பாடலடிகளை மளமளவென்று எடுத்துக் காட்டிக்கொண்டே போவார். பல இடங்களில் அவை எந்த நூலடிகள் என்று சொல்லமாட்டார். 'பிறரும் இப்படிச் சொன்னார்கள்' என்ற அளவோடு நகர்ந்துவிடுவார். அவர் காலத்துப் படிப்பாளிகளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். சில நூற்றாண்டு கழித்து, அந்த நூல்களே வழக்கொழிந்து ஏடுகள் மூலையில் கிடந்த காலத்தில், ஓர் ஆசிரியர் உட்கார்ந்து ஒவ்வோர் அடிக்கும் ஊர் தேட வேண்டியிருந்தது. திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் சங்க நூல்கள் அகப்பட்டபோதுதான் பல மேற்கோள்களின் பிறப்பிடம் தெரிந்தது.

சாமிநாதையர் அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய இடம். அவருடைய பதிப்புகளின் பின்பகுதியைப் புரட்டுங்கள். உரையில் எடுத்தாளப்பட்ட நூல்களுக்குப் பட்டியல் இருக்கும். எவ்வளவு தேடியும் மூலம் தெரியாத மேற்கோள்களைத் தனியே தொகுத்து, இவை விளங்கவில்லை என்று வெளிப்படையாக அச்சிட்டிருப்பார். தெரியாததை மறைத்து ஒப்பேற்ற அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அந்தக் காலத்தில் அவரைச் சோதிக்க எந்த மென்பொருளும் கிடையாது.

நச்சினார்க்கினியருக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்பவர் அடியார்க்கு நல்லார். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதப் புகும்போதே, இசைக்கும் நாடகத்துக்கும் எந்தெந்த நூல்களைத் துணையாகக் கொண்டேன் என்று ஐந்து நூல்களை ஆசிரியர் பெயரோடு சொல்லிவிடுகிறார்: சிகண்டியின் இசைநுணுக்கம், யாமளேந்திரரின் இந்திரகாளியம், அறிவனாரின் பஞ்சமரபு, ஆதிவாயிலாரின் பரதசேனாபதியம், பாண்டியன் மதிவாணனாரின் நாடகத்தமிழ் நூல். இவை காப்பியத்தின் கருத்தை நேராக அறிந்து செய்த நூல்கள் அல்ல, ஓரளவு ஒப்புமை இருப்பதால் எடுத்துக்கொள்கிறேன் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. இன்றைய ஆய்வேடுகளில் 'ஆய்வின் எல்லை' என்று ஒரு தலைப்புப் போட்டு அரைப் பக்கம் எழுதுகிறோமே, அதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அப்படிப் பெயர் சொன்னதால் என்ன விளைந்தது? பஞ்சமரபு நெடுங்காலம் பெயரளவில் மட்டும் வாழ்ந்தது. ஏடு கிடைத்து 1973இல் அச்சேறியபோது, இது இன்னார் செய்த இன்ன நூல் என்று அடையாளம் காண அடியார்க்கு நல்லாரின் குறிப்பு கையில் இருந்தது. முத்தொள்ளாயிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொள்ளாயிரம் என்று பெயரில் இருக்கிறது; இன்று நம் கைக்கு வந்திருப்பவை நூற்றுச் சொச்சம் பாடல்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூல் வழியாக வந்தவை. அந்தத் தொகுப்பாளர் யாரென்றுகூடத் தெரியாது. ஆனால் எந்தப் பாடலை எந்த நூலிலிருந்து எடுத்தேன் என்று குறித்து வைத்தார். வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக இல்லை; அவற்றில் எஞ்சியிருக்கும் செய்யுள்களும் புறத்திரட்டும் உரைகளும் காப்பாற்றிக் கொடுத்தவைதாம். யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகள் பெயர் சுட்டிய நூல்களைத் திரட்டி மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு தனிப் புத்தகமே எழுத முடிந்தது. மேற்கோள் காட்டியவர்கள் சோம்பியிருந்தால் அந்தப் புத்தகத்துக்குப் பொருளே இருந்திருக்காது.

பிறர் கருத்தை எப்படிக் கையாளுவது என்ற கேள்வி மேற்கிலிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் நன்னூலின் பாயிரத்தை மறுபடி பார்க்கலாம். பிறர் சொன்னதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பிறகு களையலாம், இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலில் குற்றம் காட்டலாம் என்றெல்லாம் ஏழு நிலைகளைப் பவணந்தி வகுத்துத் தருகிறார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பகுதிதான். ஆனால் இவற்றில் எதைச் செய்ய வேண்டுமானாலும் முதலில் அந்தப் 'பிறர்' யார் என்று சொல்லியாக வேண்டும் அல்லவா? நம் ஆய்வேடுகளில் "அறிஞர்கள் கருதுவர்", "என்பது ஆய்வாளர் கருத்து" என்று வருகிற இடங்களில் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். எந்த அறிஞர்?

திருட்டு என்பது இந்த விவகாரத்தில் ஒரு பாதிதான். இன்னொரு பாதி, பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டுவது. இது உலகம் முழுக்க நடக்கிறது, நடப்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. கோஸ்டர்லிட்ஸும் தவ்லெஸும் 1973இல் எழுதிய இயற்பியல் கட்டுரை மிகப் புகழ்பெற்றது. 2016இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு கலிபோர்னிய ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையைச் சான்று காட்டிய ஏறத்தாழ 4,300 குறிப்புகளை எடுத்து எண்ணினார்கள். 196 குறிப்புகளில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ பிழையாக இருந்தது. 196 பேரும் தனித்தனியே தவறியிருந்தால் பிழைகளும் விதவிதமாக இருந்திருக்க வேண்டும். வேறுவேறான பிழைகள் 45தான். ஒரே பிழை 78 இடத்தில் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவர் தட்டச்சில் தவறியதை மற்றவர்கள் மூலத்தைத் திறக்காமலே நகலெடுத்திருக்கிறார்கள். சான்று காட்டுவோரில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது 2003இல் அவர்கள் போட்ட கணக்கு. கட்டுரையைப் படித்துவிட்டும் குறிப்பை மட்டும் நகலெடுத்திருக்கலாமே என்று வாதிடலாம். வாதம் நியாயமானதுதான், ஆனால் ஆறுதல் தரவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. எல்செவியர் நிறுவனம் தன் இதழ்களுக்கு எழுதுவோருக்கான மாதிரிப் படிவத்தில், குறிப்பு எப்படி அமைய வேண்டும் என்று காட்ட வான் டெர் கீர் என்பவர் 2000இல் எழுதியதாக ஒரு கட்டுரையைப் போட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது; அது வெறும் மாதிரி. ஆனால் அதைச் சான்று காட்டிய கட்டுரைகள் ஏறத்தாழ 400 என்று ஆன்-வில் ஹார்சிங் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. படிவத்தில் இருந்த மாதிரியை அழிக்காமல் விட்டவர்கள் பலர். அவர்களைப் பார்த்து எடுத்தவர்களும் இருந்திருக்கலாம். நண்பரின் ஆய்வேட்டிலிருந்து துணைநூற்பட்டியலை அப்படியே எடுத்து, தன் தலைப்புக்கேற்ப நாலு நூல் சேர்த்து ஒட்டும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு பரவலானது என்று தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள்.

சிரிக்க முடியாத கதை 1980இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியம் கொண்ட ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மருத்துவமனையில் தங்கி அபின்வகை வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களிடையே, உறுதியாகச் சொல்லத்தக்க அடிமைப்பழக்கம் நான்கு பேரிடம்தான் காணப்பட்டது என்பது அதன் செய்தி. மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய செய்தி. வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அந்தக் கடிதம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். 2017இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, அது 608 முறை சான்று காட்டப்பட்டிருந்தது. 439 கட்டுரைகள், அபின்வகை மருந்தால் அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டின. 491 கட்டுரைகள் அது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. அமெரிக்காவில் அந்த மருந்துகள் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தன என்பது தெரிந்ததே. சிதைத்ததற்குக் காரணங்கள் பல. ஐந்து வாக்கியக் கடிதத்தைத் திறந்து பார்க்காத சோம்பலும் அவற்றில் ஒன்று. இதழாசிரியர்கள் அந்தக் கடிதத்தின் தலையில் இப்போது ஓர் எச்சரிக்கைக் குறிப்பை ஏற்றியிருக்கிறார்கள்.

தமிழ் ஆய்வேட்டில் உயிர் போகாது என்று சொல்லலாம். உண்மைதான். நேரம் போகும், அடுத்தவருடைய நேரம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத சிக்கல்கள் தமிழில் இருக்கின்றன.

"தொல்காப்பியம், கழக வெளியீடு, சென்னை" என்று ஒரு பதிவு. ஆண்டு இல்லை. எந்த அதிகாரம், யார் உரை என்பதும் இல்லை. இளம்பூரணர் ஒரு நூற்பாவாகக் கொண்டதை நச்சினார்க்கினியர் இரண்டாகப் பிரித்திருப்பார். அங்கிருந்து எண் நழுவத் தொடங்கும். எனவே "தொல். பொருள். 50" என்பது யார் உரை என்று சொல்லாதவரை அரைகுறை முகவரி. குறளுக்கு எண் போடுவது எளிது என்று தோன்றும். நாம் போடும் எண் பரிமேலழகர் வைப்புமுறை. மணக்குடவரில் குறள் வரிசை பல இடங்களில் வேறு. கம்பராமாயணத்துக்கும் திருமந்திரத்துக்கும் பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண் மாறும். சங்கப் பாடலுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும் தந்தால், வாசகர் எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுவார். வெறும் பக்க எண் தந்தால் அந்த ஒரே பதிப்பைத் தேடி அலைய வேண்டும். அதே சமயம் பாடவேறுபாட்டைப் பற்றி வாதிடும்போது பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பழைய நூல்களின் முகப்பில் அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருக்கும். சர்வசித்து என்று போட்டிருந்தால் அது 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம்; தாளையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31ஐக் கழிக்க மறந்து எதிர்காலத்தில் அச்சான நூல்களைப் பட்டியலில் சேர்ப்பவர்களும் உண்டு.

பெயர் விஷயம் தனித் தொல்லை. துணைநூற்பட்டியல் தயாரிக்கும் மென்பொருளில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று தந்தை பெயரைப் போட்டு நிரப்புகிறார்கள். கார்த்திகேசு சிவத்தம்பியின் நூல் 'கார்த்திகேசு' என்ற பெயரில் அகரவரிசையில் ஏறிவிடுகிறது. சிவத்தம்பியைத் தேடுபவருக்கு அகப்படாது. "சிவத்தம்பி, கா." என்று இடுபெயரை முன்னே வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னே தள்ளுவது தமிழ் நூலகங்களில் நெடுநாள் வழக்கம். அதையே பின்பற்றுங்கள்.

"மேலது, ப. 45" என்னும் அடிக்குறிப்பு பல ஆய்வேடுகளில் ஒரு கண்ணிவெடி. நெறியாளர் சொன்னார் என்று நடுவில் ஒரு புதிய அடிக்குறிப்பைச் செருகுகிறீர்கள். அதற்குக் கீழே இருந்த 'மேலது' இப்போது வேறொரு நூலைக் காட்டும். கணினி எண்களை மாற்றிக்கொள்ளும். 'மேலது' யாரைச் சொல்கிறது என்று அதற்குத் தெரியாது. கடைசித் திருத்தம் முடியும் வரை ஒவ்வோர் இடத்திலும் ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் முழுசாக வைத்திருங்கள். சுருக்குவதைக் கடைசியில் செய்துகொள்ளலாம்.

"தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது" என்று எழுதுவதும் இதே ரகம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் அந்தக் கோயிலின் கல்வெட்டுகளுக்கென்றே இரண்டாம் தொகுதி இருக்கிறது. தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் தராவிட்டால் யார் எதைத் தேடுவது? சிறுகதை ஆய்வாளர்களுக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது: ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகள். ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில் எப்போது வந்தது, பாடம் எங்கே மாறியது என்று குறித்திருக்கும். பிற்காலத் தொகுப்பின் ஆண்டைக் கதை எழுதிய ஆண்டாக நினைத்துக்கொண்டு 'ஆசிரியரின் வளர்ச்சிநிலை' பேசும் ஆய்வேடுகள் அந்தப் பதிப்பின் பின்னிணைப்பை ஒருமுறையாவது படிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டுப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2023இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டினார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். தமிழிலும் செயற்கை நுண்ணறிவு அப்படித்தான் செய்யும்: உண்மையான அறிஞர் பெயர், நம்பத்தகுந்த தலைப்பு, ஒரு பதிப்பகம், ஓர் ஆண்டு, எல்லாம் பொருந்தியிருக்கும், நூல் மட்டும் இருக்காது. மென்பொருளின் ஒப்புமை அறிக்கையும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் பொய்யான பதிவு யாருடைய பதிவோடும் ஒத்துப்போவதில்லை.

பட்டம் வாங்கிய பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம் இருந்தால், 2011இல் ஜெர்மனியில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் ஆய்வேட்டை இணையத்தில் முகம் தெரியாத பலர் பக்கம் பக்கமாகப் பிரித்து மூலங்களோடு ஒப்பிட்டார்கள். பைராய்ட் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. மார்ச் முதல் தேதி அவர் பதவி விலகினார். மார்ட்டின் லூதர் கிங் 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஆய்வேட்டிலும் பிறர் எழுத்து சான்றின்றி இருப்பதை 1991இல் ஒரு குழு உறுதிசெய்தது. பட்டத்தைப் பறிக்கவில்லை, நூலகப் பிரதியோடு ஒரு கடிதத்தை இணைத்து வைத்தார்கள். அவருடைய பெருமைக்கு அதனால் குறைவில்லை, ஆனால் ஆய்வேட்டைத் திறப்பவர் அந்தக் கடிதத்தையும் படிக்கத்தான் வேண்டும். உங்கள் ஆய்வேடும் ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறப்போகிறது. யாரும் எந்த ஊரிலிருந்தும் திறக்கலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒப்படைக்கும் முன் இரண்டு நாள் ஒதுக்குங்கள். துணைநூற்பட்டியலில் கைபோன போக்கில் பத்துப் பதிவுகளைக் குறியுங்கள். அந்தப் பத்து நூல்களையும் நூலகத்தில் எடுத்து, நீங்கள் கொடுத்த பக்கத்தில் நீங்கள் சொன்ன செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் நூல் வழியாகத்தான் ஒன்றைப் படித்தீர்கள் என்றால் அந்த வேறொருவர் பெயரையே போடுங்கள், அது இழுக்கல்ல. பார்க்காத நூலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், பட்டியல் இருநூறிலிருந்து எண்பதாகக் குறைந்தாலும் பரவாயில்லை. மூலம் கிடைக்காத மேற்கோள் இருந்தால், கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் யாராவது அதைக் குறை சொன்னால், சாமிநாதையர் பதிப்பின் பின்பக்கங்களை அவரிடம் எடுத்து நீட்டுங்கள்.